பதினோரு பிஸ்கட் டப்பாக்கள்

டப்பாக்களிலிருந்து காகிதங்களைப் பிரிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது. பிரித்தேன். அதுதான் நடந்த தப்பு.

எழுதியிருந்தது பிரெஞ்சில். காரைக்காலில் என் வயசுக்காரனுக்கு அந்த அளவு பிரெஞ்சு தெரியும். அதனால் புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. புரிந்தது. ஆவணக விதி வேறு மாதிரி இருந்தது, விதிப்படி செய்தேன்.

செலஸ்தீன் எங்கள் ஊர்ப் பெண். எழுபத்தாறில் கப்பல் கம்பெனி ஆள் ஒருவனைக் கட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனாள். அங்கே மேற்குக் கடலோரத்தில் ஒரு சின்ன ஊரில் நாற்பத்தைந்து வருஷம் இருந்து, புருஷன் விட்டுப்போன பிறகு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டே தமிழில் ஐந்து கதைப் புத்தகம் எழுதி, ஒரு தடவைகூட ஊர் திரும்பாமல் செத்தும் போனாள். மூன்று புத்தகம் நான் படித்திருக்கிறேன். நன்றாக எழுதுவாள். வளவளவென்று இழுக்க மாட்டாள்.

அவள் செத்த பிறகு பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரி அவளுடைய காகிதங்களையெல்லாம் கட்டி எங்கள் ஆவணகத்துக்கு அனுப்பினாள். ஆவணகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். சுண்ணாம்புக்காரத் தெருவில் பழைய அரிசி மண்டிக்கு மேலே இரண்டு அறை. ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. ஊழியர் ஒருவர். நான்.

வந்தவை பதினோரு பிஸ்கட் டப்பாக்கள். நல்ல தகரம், கனம். மூடியில் வெள்ளைத் தொப்பி வைத்த பெண்கள், கலங்கரை விளக்கம், மீன்பிடிப் படகு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். கூடவே பக்கத்து வீட்டுக்காரியின் சீட்டு: எந்தத் தாள் எந்த டப்பாவில் இருக்கிறதோ அதிலேயே இருக்கட்டும், செலஸ்தீன் அப்படித்தான் வைத்திருந்தாள், பிரிக்க வேண்டாம்.

இது கடற்கரை ஊர். தகரம் ஆறு மாதத்தில் துருப்பிடிக்கும், துரு காகிதத்தைத் தின்னும். ஆகவே எல்லாவற்றையும் எடுத்தேன், தேதிவாரியாகப் பிரித்தேன், துணி உறையில் போட்டேன். தேதி இல்லாத தாள்கள் நானூற்றுப் பன்னிரண்டு. யாருக்கு எழுதியது என்றும் இல்லை, எல்லாம் யாரையோ பார்த்து ‘நீ’ என்று பேசுகிறது. ‘தேதியற்றவை’ என்று ஒரே கட்டாகக் கட்டினேன்.

மிச்சம் இருந்தவை காலி டப்பாக்கள். எங்கள் பக்கத்தில் நல்ல டப்பாவை யாரும் தூக்கி எறிய மாட்டார்கள். நூல்கண்டு போடலாம், மாத்திரை அட்டை போடலாம், ரேஷன் அட்டையும் ஆதாரும் கரண்ட் பில்லும் சேர்த்துப் போடலாம், அப்பளம் போட்டால் நமுத்துப்போகாது. மாடிப்படியில் கொண்டுவந்து வைத்தேன். அரை மணி நேரத்தில் பத்து போய்விட்டது. மிச்சமிருந்த ஒன்றை என் பெண்டாட்டி கோமளம் வந்து எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் ஆரம்பித்தது.

முதலில் ஏகாம்பரம் வீட்டில். ஏகாம்பரம் ரிட்டயரான தபால்காரர். சம்சாரம் போய் ஆறு வருஷம் ஆகிறது. காலையில் பால் வாங்கி வைத்துவிட்டுத் திரும்பினால் அடுக்களையில் ஒரு பெண்பிள்ளை இருமுகிறாள். மூன்று குட்டி இருமல், ஒரு நீள இருமல். எட்டிப் பார்த்தால் ஆள் இல்லை. அலமாரியில் டப்பா இருக்கிறது, டப்பாவுக்குள் அவர் மூக்குக்கண்ணாடி இருக்கிறது, இருமல் அது பாட்டுக்கு வருகிறது. ஏகாம்பரம் பயப்படவில்லை. குளிர் ஊரில் கிடந்த நெஞ்சு, சளி கட்டியிருக்கும் என்று தூதுவளை ரசம் வைத்து ஒரு தம்ளரில் ஊற்றி டப்பா பக்கத்தில் வைத்தார். அன்றைக்குச் சாயங்காலம் இருமல் கொஞ்சம் தணிந்ததாகத் தெருவில் சொன்னார். தெருவும் அதைக் கேட்டுக்கொண்டு, மிளகு கொஞ்சம் தூக்கலாகப் போடுங்கள் என்றது.

அந்த வாரத்துக்குள் டப்பா போன எல்லா வீட்டுக்கும் செலஸ்தீன் வந்துவிட்டாள். முழுசாக யார் வீட்டுக்கும் வரவில்லை, கொஞ்சம் கொஞ்சம்தான். ஐஸ் கம்பெனிக்காரர் வீட்டுக்குச் சிரிப்பு வந்தது, யாரும் ஒன்றும் சொல்லாதபோது கூடத்தின் மூலையிலிருந்து கிளம்பி, வீட்டில் இருக்கிறவர்களெல்லாம் காரணம் தெரியாமல் தாங்களும் சிரித்து வயிறு வலித்து உட்காரும் வரை நிற்காத சிரிப்பு. மாதா கோயில் பாடகர் குழு நடத்தும் மாஸ்டர் வீட்டுக்கு ஒரு முனகல் வந்தது, பாட்டுமில்லை பேச்சுமில்லை, ஆனால் அவர் பேத்தி, பிறந்ததிலிருந்து யாரையும் தூங்கவிடாத குழந்தை, அதைக் கேட்டதும் கண் செருகித் தூங்கியது. பரோட்டா மாஸ்டர் வீட்டில் யாரோ குழம்பைக் கரண்டியால் கிண்டி நாக்கைச் சொடுக்கி உப்பு போதாது என்கிற மாதிரி ஒரு சத்தம் செய்தார்கள், அவர் சம்சாரம் அதுநாள்வரை யார் சொல்லியும் கேட்காதவள், கூட ஒரு சிட்டிகை போட்டாள், குழம்பு சரியாக வந்தது. ரிட்டயர் வாத்தியார் வீட்டுக்குக் கோபம் வந்தது. ஐந்து மணிக்குக் கதவு தானே அடித்துச் சாத்திக்கொள்ளும். வாத்தியார் அந்த நேரத்துக்கு வாக்கிங் போகப் பழகிக்கொண்டார், உடம்பும் இளைத்தது.

எங்கள் வீட்டுக்கு ஒரு கேள்வி வந்தது. ஜன்னல் பக்கம் நனைந்த கம்பளி வாசனை அடிக்கும், பிறகு மெதுவாக ஒரு குரல்: “மழை விட்டிருச்சா?” அப்போது சித்திரை மாசம். தார் உருகுகிற வெயில்.

“விட்டிருச்சும்மா, போயிட்டு வா” என்பாள் கோமளம், வெங்காயம் உரித்துக்கொண்டே. தினமும் இதே பதில். என்னிடம்கூட அவள் இவ்வளவு பொறுமையாகப் பேசியதில்லை.

ஏன் இப்படி ஆயிற்று என்று என்னைக் கேட்க வேண்டாம். எனக்குத் தெரியாது. ஊரில் யாரும் அதைக் கேட்கவுமில்லை, அவர்களுக்கு வேறு கவலைகள் இருந்தன. பங்குச் சாமியார் வந்து டப்பாக்கள் மேல் தீர்த்தம் தெளித்துவிட்டு, ஞானஸ்நானம் வாங்கிய பெண்தானே, இருக்கட்டும் என்றார். பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேட்டதற்கு, வந்தவர்கள் தொந்தரவு பண்ணவில்லையென்றால் நீங்களும் தொந்தரவு பண்ணாதீர்கள் என்றுவிட்டார். தெருச் சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள்: கோபம் இருக்கிற வீட்டுக்குச் சிரிப்பு இருக்கிற வீடு வாரத்தில் ஒரு நாள் டப்பாவைக் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டியது. ஐஸ் கம்பெனிக்காரர் வீட்டம்மாள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள், வீடு சொந்தமா வாடகையா என்று கேட்ட கையோடு, உங்கள் வீட்டில் அந்தம்மாவுடைய எது இருக்கிறது என்றும் கேட்டார்கள். இருமல் என்றால் முகம் சுளித்தார்கள், முனகல் என்றால் உட்கார்ந்து பேசினார்கள்.

ஒரு வீட்டுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை என்று பேச்சு. மஸ்தான் பள்ளித் தெருவில் ஜாக்கெட் தைக்கிற சபுரா பீவி வீடு. அவள் தன் டப்பாவில் பொத்தானும் கொக்கியும் போட்டுவைத்திருந்தாள்.

“உன்னுது சும்மா டப்பா, சபுரா” என்று துணி கொடுக்க வந்தவர்கள் கேலி செய்தார்கள்.

“அதுல பொத்தான் இருக்குல்ல? அது போதும்” என்பாள். அதற்கு மேல் பேச மாட்டாள். அவள் பேசுகிற ஆள் இல்லை.

இவ்வளவும் ஆன பிறகுதான் மதலேனம்மா படியேறி வந்தாள்.

மதலேனம்மா செலஸ்தீனுடைய தங்கை. எழுபத்தோரு வயசு, கலியாணம் ஆகவில்லை, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பிரெஞ்சு டியூஷன் எடுத்தவள். கையில் குடை. முட்டி வலி, படிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கி, அந்த வலிக்கும் என்மேல் கோபத்தைச் சேர்த்துக்கொண்டு வந்தாள்.

“மிசியே” என்றாள். எங்கள் ஊரில் அந்தக் காலத்து ஆட்கள் கூப்பிடுகிற மரியாதை அது, அவள் வாயில் மரியாதையாக விழவில்லை. “எங்கக்காவ ஊர் பூரா பங்கு போட்டுக் குடுத்துட்டீங்களாமே. கூடப் பொறந்தவளுக்கு ஒரு பங்கு வைக்கணும்னு தோணலியா?”

“டப்பா தீந்துபோச்சு” என்றேன்.

“சொல்ற பதிலப் பாரு.”

உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. பத்து நாளாக வீடு வீடாகப் போய்விட்டு வந்திருக்கிறாள். ஒவ்வொரு வீட்டிலும் நாற்காலி போட்டு, டீ கொடுத்து, அக்காவைப் பார்க்க வந்திருக்காங்க என்று டப்பாவிடம் சொல்லிவிட்டு விலகிப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு டப்பாவிடமும் இவள் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறாள்: என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னியா? இருமல் இருமியது. சிரிப்பு சிரித்தது. எங்கள் வீட்டில், மழை விட்டிருச்சா என்று கேட்டது.

“நான் ஒரு காரியம் பண்ணிட்டேன், மிசியே” என்றாள். “எம்பத்து மூணுல. அம்மா படுத்துட்டா. இன்னும் பத்து நாள்னு டாக்டர் சொல்லிட்டார். நாலு வருஷமா மலம் மூத்திரம் அள்ளிப் போட்டது நானு, அவ ராவும் பகலும் கூப்பிட்டது செலஸ்தீனு செலஸ்தீனு. இவ அங்கேருந்து எழுதறா, கனவு சரியில்ல, அம்மா எப்படி இருக்கா, டிக்கெட் எடுக்கட்டுமான்னு. நான் எழுதினேன், அம்மா நல்லா இருக்கா, நடக்கறா, இப்ப வர வேணாம்னு.”

தண்ணீர்த் தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“ஒம்போதாம் நாள் அம்மா போயிட்டா. அடக்கம் முடிஞ்சு எழுதினேன். பதில் இல்ல. முப்பத்தெட்டு வருஷம் இருந்தா அதுக்கப்பறம். ஊர்ல இருக்கற எல்லாருக்கும் கிறிஸ்மஸ் கார்டு வரும். எனக்கு இல்ல.” குடையைத் தரையில் குத்தினாள். “திட்டி எழுதியிருந்தாகூடப் படிச்சிட்டுச் சாவேன். எனக்குன்னு என்ன வச்சிருந்தா? அது தெரியணும். அவ்வளவுதான்.”

தேதியற்ற கட்டை எடுத்துக் கொடுத்தேன்.

மூன்று வாரம் தினமும் வந்தாள். பூதக்கண்ணாடி வைத்து நானூற்றுப் பன்னிரண்டு தாளையும் படித்தாள். நான் என் வேலையைப் பார்த்தேன். கடைசி நாள் இரண்டு தாள்களை என் மேசையில் வைத்தாள்.

ஒன்றில் இருந்தது: ‘உன்னை நான் மன்னிக்கப் போவதில்லை. அதற்காக உட்கார்ந்து பாடுபடவும் போவதில்லை. எனக்கு வேலை இருக்கிறது.’

இன்னொன்றில்: ‘உன் கையால் ஒரு வாய் சோறு. நேற்று கனவில் வாயைத் திறந்தேன், தலையணைதான் இருந்தது.’

“இதுல எது எனக்கு?” என்றாள்.

பார்த்தேன். ஒரே மை. ஒரே மாதிரித் தாள். எதிலும் பெயர் இல்லை.

“தெரியலே” என்றேன்.

“எது எங்க இருந்துச்சு? எந்த டப்பா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெயர் ஏன் போடவில்லை என்றால், அவளுக்குப் பெயர் போட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஒரு டப்பா ஒரு ஆள். எழுதி முடித்ததும் யாருக்கு எழுதினாளோ அவர்களுடைய டப்பாவில் போட்டு மூடியிருக்கிறாள், போஸ்ட் செய்யவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மூடியில் இருந்த படம்தான் விலாசம். நாற்பது வருஷம் ஒருத்தி விலாசம் மாறாமல் போட்டு வைத்ததை நான் ஒரு மத்தியானத்தில் கலைத்து, ஒரே கட்டாகக் கட்டி, மேலே பெயரும் எழுதி ஒட்டியிருக்கிறேன். முப்பத்தோரு வருஷ சர்வீஸ்.

மதலேனம்மாவிடம் அதைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. பூதக்கண்ணாடியை உறையில் போட்டு, எழுந்து, படியிறங்கிப் போனாள். ஒவ்வொரு படிக்கும் நின்றாள். கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கோமளம் என்னவென்று கேட்டாள். சொன்னேன்.

“இதுக்கா இப்படி உக்காந்திருக்கீங்க? ஒரு மாசமா அவளோட குடித்தனம் பண்றவங்களுக்குத் தெரியாதா, அவ எந்தத் தொனியில பேசினது அவங்கவங்க வீட்டுதுன்னு? எல்லாரையும் கூப்பிட்டுப் படிச்சுக் காட்டுங்க. நம்ம வீட்டுது வந்தா நான் சொல்லுவேன்.”

“எப்படிச் சொல்லுவே?”

“முப்பத்தஞ்சு வருஷமா நீங்க செருப்ப விடற சத்தத்துலயே ஆபீஸ்ல என்ன நடந்துச்சுன்னு சொல்றேன்ல. அப்படித்தான்.”

கூப்பிட்டேன். உடனே வந்துவிடவில்லை. டப்பாவைப் பிடுங்கிக்கொள்வேன் என்று பயம். குழந்தை தூங்காது சார் என்றார் பாடகர் மாஸ்டர். ஏகாம்பரம் நாளைக்கு வர்றேன் நாளைக்கு வர்றேன் என்று ஆறு நாள் ஓட்டினார். அவரவர் டப்பா அவரவர் மடியில் இருக்கட்டும், நான் தொட மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் வந்தார்கள். பதினோரு பேர், மடியில் பதினோரு டப்பா, ஆவணகத்தில் இருந்த நாற்காலி நாலு, மிச்சப் பேர் கீழே அரிசி மண்டியில் சாக்கு வாங்கிப் போட்டு உட்கார்ந்தார்கள். மதலேனம்மா ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

படித்தேன். என் குரல் நன்றாக இருக்காது. வேறு ஆள் இல்லை.

நாளைக்கு நாற்பது ஐம்பது தாள் என்று ஒன்பது நாள் படித்தேன், மத்தியானம் மூன்று மணிக்கு ஆரம்பித்தால் கீழே மண்டியைப் பூட்டுகிற வரைக்கும், தொண்டை கட்டி, சுக்குத் தண்ணீர் குடித்து, மின்விசிறி நின்று போனால் அட்டையால் விசிறிக்கொண்டு, ‘நீ’ ‘நீ’ ‘நீ’ என்று யாரென்று தெரியாத பதினோரு பேரைப் பார்த்து, செத்துப்போன ஒருத்தி சொல்லாமல் விட்டதையெல்லாம் சொன்னேன். கோமளம் சொன்னது சரி. படிக்கப் படிக்கக் கை தூக்கினார்கள். “எங்களுது சார் அது” என்பார்கள். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஐஸ் கம்பெனி அம்மாள் நான் ஒரு தாளை எடுத்து வாயைத் திறக்கும் முன்பே சிரிக்க ஆரம்பித்தாள், அது செலஸ்தீன் தன் சமையல்கூடச் சிநேகிதி ஒருத்திக்கு எழுதியது. பரோட்டா மாஸ்டர் நாக்கைச் சொடுக்கினார். கோமளம் இருபத்திரண்டு தாளை எடுத்துக்கொண்டாள், எல்லாம் குடையில்லாமல் பள்ளிக்கூடம் போகிற ஒரு பிரெஞ்சுக் குழந்தைக்கு எழுதியது, அது செலஸ்தீன் பெற்ற பிள்ளையா, பக்கத்து வீட்டுப் பிள்ளையா என்று எதிலும் இல்லை.

ஐந்தாம் நாள் அந்த முதல் தாள் வந்தது. ‘உன்னை நான் மன்னிக்கப் போவதில்லை.’ படித்து நிறுத்தினேன். மதலேனம்மாவின் முதுகு அசையவில்லை.

ஏகாம்பரம் இருமினார். மூன்று குட்டி இருமல், ஒரு நீள இருமல்.

“மன்னிச்சுக்குங்க சார். நானா இருமல, அதுவா வருது. நீங்க மூச்சு விட நிறுத்துறீங்க பாருங்க, அங்க அவ இருமுவா. இன்னொருக்காப் படிங்க.”

படித்தேன். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் சரியாக இருமல் போய் உட்கார்ந்தது. அந்த டப்பாவில் அதற்கு முன் சேர்ந்திருந்த தாள்களெல்லாம் அவளை விட்டுப்போன புருஷனைப் பார்த்து எழுதியவை என்று எல்லாருக்கும் தெரியும். தாளை ஏகாம்பரத்திடம் கொடுத்தேன். மதலேனம்மா கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஏழாம் நாள் சோற்றுத் தாள். பாடகர் மாஸ்டர் மடியில் இருந்த பேத்தி, நான் பாதி படிக்கும்போதே தூங்கிவிட்டது.

“அம்மாவுக்கு எழுதினது” என்று மதலேனம்மா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். “எங்கம்மா ஊட்டுவா.”

ஒன்பதாம் நாள் நாலு மணிக்குக் கட்டு தீர்ந்தது. நானூற்றுப் பன்னிரண்டும் போய்விட்டது. பத்து டப்பாவில் தாள் இருந்தது. சபுரா பீவியின் டப்பாவில் பொத்தான் இருந்தது. ஒன்பது நாளும் வந்தாள், ஒரு தடவையும் கை தூக்கவில்லை. ஒவ்வொரு தாளுக்கும் தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று.

பத்து டப்பா பத்துப் பேருக்கு. தங்கைக்கு என்று இருந்திருந்தால் அது பதினோராவது. அதில் ஒன்றுமில்லை. எல்லாரும் கணக்குப் போட்டு முடித்துவிட்டார்கள்.

மதலேனம்மா குடையை எடுத்தாள். “சரி. தெரிஞ்சுபோச்சுல்ல. எனக்குன்னு ஒரு டப்பா வச்சு, அதக் காலியா வச்சிருக்கா. அவ பண்ணக்கூடியவதான்.”

“காலி இல்லேம்மா” என்றாள் சபுரா பீவி.

அத்தனை பேரும் திரும்பினார்கள்.

“எங்க வீட்டுக்கும் வர்றாங்க. மொத வாரத்துலேருந்து. நாலு மணிக்கு வந்து மெஷினுக்கு எதிர்ல இருக்கற ஸ்டூல்ல உக்காருவாங்க. பேச மாட்டாங்க. ரொம்ப நேரம் ஒண்ணுமே இருக்காது. அப்பறம் ஒரு சத்தம்.”

“என்ன சத்தம்?”

“மடிக்கிற சத்தம். துணி இல்ல, துணி எனக்குத் தெரியும். காகிதம். மூணா மடிச்சு, மடிப்பு மேல நகத்த வச்சு இழுப்பாங்க. ரெண்டு தடவ. அப்பறம் எந்திரிச்சுப் போயிருவாங்க.” என்னைப் பார்த்தாள். “பேனா ஓடுற சத்தம் ஒரு நாளும் கேட்டதில்ல ஐயா. எழுதுன தாளத்தான் நீங்க படிச்சீங்க. எழுதாத தாள் ஏதாச்சும் இருந்துச்சா?”

இருந்தது.

இதை நான் இதுவரை சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை என்பதால். ஒரு டப்பா நிறைய வெற்றுத் தாள் இருந்தது. கெட்டியான நல்ல தாள். மூன்றாக மடித்திருந்தது. வெற்றுத் தாளை ஆவணமாகச் சேர்க்க விதியில் இடமில்லை, நல்ல தாளை வீணாக்க எனக்கு மனசில்லை. பெரிய பதிவேட்டுக்கு அடியில் வைத்து மடிப்பை நீவினேன். அந்தத் தாள்களில்தான் பட்டியல் எழுதினேன். செலஸ்தீன் காகிதங்களுடைய பட்டியலை. எண், பொருள், பக்கம், நிலை. வரிவரியாக, என் கையெழுத்தில்.

அலமாரியைத் திறந்து எடுத்து வந்து மேசையில் வைத்தேன். இருபத்தாறு தாள் எழுதியது, பன்னிரண்டு எழுதாதது.  கோமளம், “அடப் பாவி மனுஷா” என்றாள்.

சபுரா பீவி ஒரு தாளை எடுத்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, என் பட்டியல் அவளைத் தொந்தரவு பண்ணவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, துணியில் பழைய தையலைத் தேடுகிற மாதிரி விரலால் தடவி, நான் நீவிய மடிப்பைக் கண்டுபிடித்தாள். அதன் வழியே மடித்தாள். திருப்பி மடித்தாள். நகத்தை வைத்து இழுத்தாள், ஒரு தடவை, இன்னொரு தடவை.

“இதான்” என்றாள்.

எதிரே, நான் எழுந்ததில் காலியாயிருந்த நாற்காலியிலிருந்து அதே சத்தம் திரும்ப வந்தது. ஒரு தடவை, இன்னொரு தடவை. அங்கே இருந்த எல்லாரும் கேட்டோம்.

மதலேனம்மா மேசைக்கு வந்தாள். ஒவ்வொரு தாளாக எண்ணினாள். டியூஷன் எடுத்தவள், பரீட்சைத் தாள் எண்ணுகிற மாதிரி எச்சில் தொட்டு எண்ணினாள். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.

“முப்பத்தெட்டு” என்றாள். “வருஷத்துக்கு ஒண்ணு.”

நான் தலையாட்டினேன்.

“உக்காந்திருக்கா, மிசியே. வருஷா வருஷம் உக்காந்திருக்கா எனக்கு எழுதணும்னு.” தாள்களை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், என் எண், பொருள், பக்கம், நிலை எல்லாவற்றோடும். “ஒரு வரி எழுதியிருக்கலாம், கழுத. ஒரு வரி. திட்டியிருக்கலாம். என்ன எழுதறதுன்னு தெரியாம மடிச்சு மடிச்சு வச்சிருக்கா பாரு. நானும் அதத்தான் பண்ணினேன். அன்புள்ள அக்கான்னு போட்டுட்டு அப்படியே உக்காந்திருப்பேன். பால்காரன் வந்துடுவான்.”

அழுதாள் என்று சொல்ல முடியாது. மூக்கை உறிஞ்சினாள். ஐஸ் கம்பெனி அம்மாள்தான் ஓவென்று அழுதாள்.

பிறகு நடந்தது பெரிய விஷயமில்லை. தாள்கள் அதனதன் டப்பாவுக்குப் போய், டப்பாக்கள் ஆவணகத்துக்கு வந்தன. துருப்பிடித்தால் பிடிக்கட்டும், நான் மாசம் ஒரு தடவை எண்ணெய்த் துணியால் துடைக்கிறேன். வீடுகளில் சத்தம் ஒன்றொன்றாக நின்றது. பாடகர் மாஸ்டர் வீட்டுக் குழந்தை இரண்டு நாள் கத்தியது, மூன்றாம் நாள் தாத்தாவே முனகக் கற்றுக்கொண்டார். வாத்தியார் ஐந்து மணிக்குத் தானே கதவை அடித்துச் சாத்திவிட்டு வாக்கிங் போகிறார். ஏகாம்பரம் டாக்டரிடம் போய், இருமல் வரவில்லை என்று சொன்னாராம். கோமளம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துதான் இன்னும் வெங்காயம் உரிக்கிறாள், ஏன் என்று நான் கேட்பதில்லை. சபுரா பீவி, “என் பொத்தானுக்கு வேற டப்பா குடுங்க ஐயா” என்றாள், கொடுத்தேன், பிளாஸ்டிக்.

நான் எழுதிய இருபத்தாறு தாளையும் அழிக்க முடியாது. அவை பதினோராவது டப்பாவில் இருக்கின்றன, என் கிறுக்கலோடு. பட்டியலை வேறு தாளில் முதலிலிருந்து எழுதினேன். எழுத இரண்டு மாசம் ஆயிற்று. கடைசிப் பக்கத்தில் இந்தத் தொகுப்பை ஒழுங்குசெய்தவர் யார் என்று ஒரு கட்டம் உண்டு. பழக்கத்தில் ம. சாம்பமூர்த்தி என்று என் பெயரை எழுதிவிட்டேன். அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்: மு. சபுரா பீவி, தையல்காரர், மஸ்தான் பள்ளித் தெரு.